மாசிப் பனியில் தாதோங்: அப்பாவோடு மூன்று நாள்

முதல் நாள், வெள்ளி

அப்பா பெய்ஜிங் வந்து ஆறு வாரம் ஆகிறது. பெருஞ்சுவர், பழைய அரண்மனை, சொர்க்கக் கோயில் எல்லாம் முதல் பத்து நாளிலேயே முடிந்துவிட்டன. அதற்கப்புறம் பதினேழாம் மாடி ஜன்னலோரம்தான் அவருக்குப் பொழுது. நான் காலையில் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. "எனக்கென்னம்மா குறை, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். குறை சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் சாப்பாடு குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

அதனால்தான் ஒரு நாள் விடுப்பு போட்டு, வார இறுதியோடு சேர்த்து மூன்று நாள் எங்காவது போகலாம் என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் எல்லோரும் தெற்கே போ என்றார்கள். ஹைனான் தீவில் இப்போதும் கடலில் குளிக்கலாம், வயசான மனுஷரைக் குளிரில் அலைக்கழிக்காதே என்றார்கள். நான் எடுத்தது மேற்கே, பெய்ஜிங்கை விடக் குளிரான ஓர் ஊருக்கு டிக்கெட். ஷான்சி மாகாணத்தின் வடக்கு மூலையில் இருக்கும் தாதோங். சீனாவின் நிலக்கரித் தலைநகரம் என்று அதற்குப் பெயர். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர்.

காலையில் சிங்ஹே நிலையத்தில் ரயில் ஏறினோம். இந்த அதிவேகப் பாதை 2019 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன் இதே தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் பாதாலிங் மலைக்கு அடியில் நுழைந்தோம். 12 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. நடுவில், பெருஞ்சுவருக்குக் கீழே, தரையிலிருந்து 102 மீட்டர் ஆழத்தில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அப்பா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணி ஊறுமே, எப்படி வெளியேத்துறாங்க, காத்து எப்படி வருது என்று வரிசையாகக் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேள்வி கேட்க ஆரம்பித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

மலையைத் தாண்டினால் குவான்திங் நீர்த்தேக்கம். கரை முதல் கரை வரை வெள்ளையாக உறைந்து கிடந்தது. அப்புறம் மண் நிறக் குன்றுகள், இலை உதிர்ந்த பாப்லர் மரங்கள், மறுபடியும் குன்றுகள்.

தாதோங்கில் இறங்கும்போது மைனஸ் ஒன்பது. காற்று வேறு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். வானம் மட்டும் அப்படியொரு நீலம். கரி ஊர் என்றால் புகை மூட்டமாக இருக்கும் என்று நினைத்து வந்தோம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றபடி அப்பா குல்லாவைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

மதியம் ஹுவாயென் கோயில். சீனக் கோயில்கள் பொதுவாகத் தெற்கு பார்த்து இருக்கும். இது நம் ஊர்க் கோயில்களைப் போலக் கிழக்கு பார்த்தது. இதைக் கட்டியவர்கள் லியாவ் என்ற அரசை ஆண்ட கிதான் மக்கள். அவர்களுக்குச் சூரியன் உதிக்கும் திசைதான் பெரிது. கீழ்க்கோயிலில் இருக்கும் சுவடி மண்டபம் 1038-இல் கட்டியது. உள்ளே வெளிச்சம் குறைவு, கணப்பு கிடையாது, தரையிலிருந்து குளிர் ஏறி முழங்காலைப் பிடிக்கிறது. கண் பழகப் பழக ஒவ்வொரு சிலையாக இருட்டிலிருந்து வெளியே வந்தது. லியாவ் காலத்துச் சுதைச் சிற்பங்கள், மொத்தம் 29. அதில் ஒரு போதிசத்துவர் கை கூப்பி, இடுப்பை லேசாக ஒசித்து, பல் தெரியச் சிரிக்கிறார். கோயில் சிலையில் பல் தெரிகிற சிரிப்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கட்டடக்கலை ஆய்வாளர்கள் லியாங் ஸுசெங்கும் அவர் மனைவி லின் ஹுய்யினும் 1933-இல் இந்த ஊருக்கு வந்து பழைய கோயில்களை அளந்து வரைந்தார்கள். ஜப்பானோடு நடந்த போருக்கு முந்தைய நிலை இன்று தெரிகிறது என்றால் அவர்கள் உழைப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கோட்டைச் சுவர் மீது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் மேயராக வந்த கெங் யன்போ காலத்தில் திரும்பக் கட்டத் தொடங்கிய சுவர் இது. உள்ளே பழைய மண் சுவர், மேலே புதுச் செங்கல். அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. சுவர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளை நினைக்காமல் என்னால் அதில் நடக்க முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாடு பற்றி எழுதியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை அப்பா கவிச்சி தொடமாட்டார். முட்டையும் ஆகாது. ஆட்டுக்கறிக்குப் பேர் போன ஊரில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு சின்னக் கடைக்குள் போனோம். அங்கே இருந்தது யோமியன், ஓட்ஸ் மாவுப் பண்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா மாவோடு உட்கார்ந்திருந்தார். கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவு, நம் கொழுக்கட்டை மாவு மாதிரியே. நெல்லிக்காய் அளவு கிள்ளி, சாய்வாக வைத்த வழவழப்பான கல்லில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரே தள்ளு. மாவு நாக்கு மாதிரி நீளமாக, காகிதம் போல மெல்லிசாக விரிகிறது. அதை உரித்து ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றி, மூங்கில் தட்டில் நிமிர்த்தி வைக்கிறார். தட்டு நிறைந்ததும் பார்த்தால் தேன்கூடு. அப்படியே ஆவியில் ஏற்றுகிறார். ஓட்ஸை முதலில் வறுக்க வேண்டும், மாவை வெந்நீரில் வேக வைக்க வேண்டும், கடைசியில் ஆவியில் அவிக்க வேண்டும். மூன்று முறை நெருப்பு பார்க்கும் சாப்பாடு.

தக்காளி, உருளைக்கிழங்கு போட்ட குழம்பில் தோய்த்து, மேலே ஷான்சியின் கறுப்பு வினிகர் நாலு சொட்டு விட்டு அப்பா ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். ஆறு வாரத்தில் முதல் முறையாக இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். "இடியாப்பத்துக்குச் சொந்தக்காரன்மா இது" என்றார். நாளைக்கு யுன்காங் குகைகள்.

இரண்டாம் நாள், சனி

காலை மைனஸ் பதினான்கு. ஆட்டுக் குடல், ஈரல் போட்ட யாங்சா சூப்போடு நாளைத் தொடங்கினோம். சனிக்கிழமை அப்பாவுக்குத் தடையில்லை. மிளகாய் எண்ணெய் மிதக்கும் அந்தச் சூப் தொண்டையில் இறங்கியபோது விரல் நுனி வரை உயிர் வந்தது.

யுன்காங் ஊருக்கு மேற்கே 16 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மணற்பாறைச் சரிவு. அதைக் குடைந்து 45 பெரிய குகைகள், உள்ளே சின்னதும் பெரியதுமாக 51,000-க்கும் மேற்பட்ட சிலைகள். இவற்றைக் குடைந்த காலத்தில் தாதோங்குக்குப் பிங்செங் என்று பெயர். 398 முதல் 494 வரை வடக்கு வேய் அரசின் தலைநகரம். குதிரை மேல் வளர்ந்த தோபா மக்களின் அரசு அது. 446-இல் ஓர் அரசர் பௌத்தத்தை ஒழிக்க ஆணையிட்டு, மடங்களை இடித்து, துறவிகளைக் கொன்றார். அவருக்குப் பின் அரசரான பேரன் தடையை நீக்கினார். 460-இல் தான்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில் குடைவு தொடங்கியது. முதலில் குடைந்த ஐந்து குகைகளின் புத்தர்கள் ஐந்து அரசர்களைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். மரத்தையும் மண்ணையும் எரிக்கலாம், மலையை எரிக்க முடியாது என்று தான்யாவ் நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குளிரினால் கூட்டம் குறைவு. ஐந்தாம் குகையில் 17 மீட்டர் உயர புத்தர். அவர் காலடியில் நாங்கள் இருவர் மட்டும் கழுத்து வலிக்கும்வரை நின்றோம். ஆறாம் குகையில் புத்தரின் வாழ்க்கை முழுவதும் தூணிலும் சுவரிலும் செதுக்கியிருக்கிறது. சிறு இடைவெளி கூட விடவில்லை. அதை விளக்கத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

எட்டாம் குகையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

வாசல் வளைவில் நுழையும்போது வலது பக்கச் சுவரில் காளை. அதன் மேல் மூன்று தலை, எட்டுக் கையோடு ஒருவர். மகேசுவரர் என்பது நான் முன்பே படித்துத் தெரிந்துகொண்டது. "நந்திம்மா!" என்று அப்பா கிட்டே போனார். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன்.

அங்கே ஒரு பெரிய பறவை, வாயில் ஒரு முத்து. அதன் மேல் சம்மணம் போட்டது போல ஒருவர். ஐந்து தலை, ஆறு கை. சுருள் சுருளாக முடி, உப்பிய கன்னம், குழந்தைச் சிரிப்பு. ஒரு கையில் வில். மார்பருகே சின்னப் பறவை போல ஒன்று. சிலர் இதைக் கருடன் மேல் இருக்கும் விஷ்ணு என்கிறார்கள். மயில் மேல் இருக்கும் குமாரன் என்று சொல்பவர்களும் உண்டு, சீனத்தில் இதற்கு வழங்கும் பெயரும் அதுதான். குமாரன் என்ற சம்ஸ்கிருதச் சொல்லையே சீன ஒலியில் சியுமோலுவோ என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் கை கூப்பினார்.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் ஊர்க் கோயில் வில்லுடையான்பட்டு முருகன். வேல் பிடித்த முருகனை எங்கும் பார்க்கலாம், எங்களுடையவர் வில்லோடு நிற்பவர். பங்குனி உத்திரத்துக்கு அப்பா காவடி எடுத்துப் போனதை அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த வயதிலிருந்து எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே, தமிழ்நாட்டிலிருந்து இத்தனை தூரத்தில், 1,500 வருடத்துக்கு முன் ஒரு சீனக் கல்தச்சர் மயில் மேல் ஒரு குமாரனை உட்கார வைத்து அவர் கையில் வில்லைக் கொடுத்திருக்கிறார். மத்திய ஆசியப் பாலைவனங்கள் வழியாகப் பௌத்தத்தோடு வந்து, புத்தருக்குக் காவலாக வாசலில் அமர்ந்தவர். அந்தத் தச்சர் மயிலை நேரில் பார்த்திருப்பாரா? பறவையின் கழுத்தைப் பார்த்தால் கேட்டு, மனதில் கண்டு செதுக்கியது போலத்தான் இருக்கிறது.

படம் எடுக்கலாம் என்று கைபேசியை எடுத்தால் அணைந்துவிட்டது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது, குளிரில் அப்படியே செத்துவிட்டது. அப்பாவின் பேசியும் அப்படியே. "பரவாயில்ல விடு, மனசுல எடுத்துக்கிறேன்" என்று இன்னும் கால் மணி நேரம் நின்றார்.

மற்ற குகைகளை வேகமாகவே பார்த்தோம். 13-ஆம் குகையில், இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் பெரிய சிலைக்கு உயர்த்திய வலக்கை ஒடிந்துவிடாமல் இருக்க, சிலையின் தொடை மீது நாலு கையோடு ஒரு சின்ன ஆளைச் செதுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தி மேற்கூரையைத் தாங்குவது மாதிரி என்று அப்பா அதை ரசித்தார். 20-ஆம் குகையின் முன் சுவர் எப்போதோ இடிந்துவிட்டதால் 13.7 மீட்டர் புத்தர் வெட்டவெளியில் வெயிலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். மடியில் பழைய பனி கொஞ்சம் ஒட்டியிருந்தது.

யுன்காங்குக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், சின்ஹுவாகோங் சுரங்கம். முன்பு கரி லாரிகள் போகிற நெடுஞ்சாலை இந்தக் குகைகளின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஓடியது. நாள் முழுக்கக் கரித்தூள் பறந்து புத்தர்களின் தலையிலும் தோளிலும் படிந்தது. 1990களின் பிற்பகுதியில் சாலையைத் தள்ளிப் போட்டார்கள், 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. "கரித்தூள் கல்லுல படிஞ்சா சும்மா இருக்காதும்மா. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கல்லு பொரிஞ்சிடும்" என்றார் அப்பா. இங்கே பாறை அரித்துப் போயிருக்கிற இடங்களைப் பார்த்தால் அவர் சொன்னது விளங்குகிறது. சுரங்க அருங்காட்சியகத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருக்கு அதில் மனக்குறைதான்.

அந்தக் குறை ராத்திரி தீர்ந்தது. இன்று இங்கே விளக்குத் திருநாள், சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமி. ஊரில் மாசி மகம். கோட்டைச் சுவர் முழுக்க விளக்கு அலங்காரம், மனிதத் தலையாகக் கூட்டம். ஆனால் தாதோங்குக்கே உரிய விஷயம் வேறு. கடை வாசல்களிலும் முற்றங்களிலும் கரிக்கட்டிகளைக் கோபுரமாக அடுக்கி எரிக்கிறார்கள். வாங்ஹுவோ என்று பெயர். ஓங்கி எரியும் நெருப்பு என்று பொருள்.

எங்கள் விடுதித் தெருவில் ஒரு பெரியவர் இடுப்பளவு கோபுரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவே கூடு விட்டு விறகு, சுற்றிலும் செங்கல் மாதிரி தேர்ந்தெடுத்த கரிக்கட்டிகள், காற்றுப் போக இடையிடையே சந்து, வெளியே சிவப்புக் காகிதம். அப்பா பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒரு கட்டியை எடுத்து எடை பார்த்தார், நகத்தால் கீறினார், உடைந்த முகத்தைத் தெருவிளக்கில் திருப்பிப் பார்த்தார். கறுகறுவென்று கண்ணாடி போல மின்னியது. "நம்ம கரி பழுப்பு, பாதிக்குப் பாதி தண்ணி. இது டைனோசர் காலத்துக் கரிம்மா. எப்படி இறுகிப் போயிருக்கு பாரு" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி என்று சொன்னேன். அவரும் நிலத்தடிச் சுரங்கத்தில் இருந்தவராம். "லாவ் ஷிஃபு" என்று அப்பாவைக் கூப்பிட்டார். மூத்த தொழில்காரருக்கு இங்கே கொடுக்கும் மரியாதை அது. கையில் ஒரு கட்டியைக் கொடுத்து, மேல் வரிசையில் வைக்கச் சொன்னார்.

பற்ற வைத்தபோது முதலில் புகைதான். அப்புறம் சந்துகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பத்து நிமிடத்தில் கோபுரம் முழுக்கத் தணல். சுற்றி நிற்கவே முடியாத அனல். எல்லோரும் மூன்று முறை இடமாகவும் மூன்று முறை வலமாகவும் சுற்றினார்கள், வருடம் முழுக்க நல்லது நடக்க வேண்டும் என்று. அப்பா குல்லாவைக் கழற்றிவிட்டுச் சுற்றினார்.

விடுதிக்கு வந்து பேசிகளைச் சூடாக்கி அம்மாவைக் கூப்பிட்டோம். அங்கே மணி எட்டு. முழங்கால் வலியால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போகவில்லை என்றார். அப்பா மயிலைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். "படம் அனுப்புங்க" என்றார் அம்மா.

மூன்றாம் நாள், ஞாயிறு, ரயிலில்

காலையில் பொரித்த மஞ்சள் பணியாரம். பனிவரகு மாவில் செய்தது, உள்ளே இனிப்புப் பூரணம். பனிவரகு நம் மலைப்பக்கத்திலும் விளைகிறது, ஆனால் இப்படிப் பிசுபிசுவென்று ஒட்டும் ரகத்தை நான் கண்டதில்லை.

வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தெற்கே போய் யிங்சியன் மரக்கோபுரம் பார்த்தோம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து 46 வருடம் கழித்து, 1056-இல் கட்டியது. 67.31 மீட்டர் உயரம், எட்டுப் பட்டை, முழுக்க மரம். வெளியே ஐந்து நிலை, உள்ளே ஒளிந்திருக்கும் நான்கு இடைநிலைகள். ஆணியால் தைக்காமல், ஒன்றோடொன்று கவ்வும் 54 வகைத் தாங்குகட்டைகளால் நிற்கிறது. எத்தனையோ நிலநடுக்கங்களைப் பார்த்துவிட்டது. 1926-இல் நடந்த உள்நாட்டுச் சண்டையில் குண்டுகளையும் வாங்கியது. இப்போது இரண்டாம் நிலை சாய்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அதனால் தரைத்தளம் மட்டும்தான் திறந்திருக்கிறது, அங்கே 11 மீட்டர் சாக்கியமுனி புத்தர். கோடையில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுமாம். இன்று ஒரு பறவையும் இல்லை. காற்றடிக்கும்போது இறவாரத்து மணிகள் மட்டும் ஒலித்தன. ஒரு நிலையின் மணி தொடங்க, மேல் நிலையின் மணி பதில் சொல்வது போல. அப்பா சுற்றி வந்து சாய்வை நாலு பக்கமிருந்தும் பார்த்தார். நிமிர்த்தப் போனால் உடைந்துவிடும், தாங்கித்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

திரும்பும் ரயிலில் இதை எழுதுகிறேன். குவான்திங் ஏரி மேல் கடைசி வெளிச்சம். எதிரே அப்பா விடுதியிலிருந்து எடுத்து வந்த காகிதத்தில் பேனாவால் வரைந்துகொண்டிருக்கிறார், அம்மாவுக்கு அனுப்ப. பறவை, அதன் வாயில் முத்து, ஐந்து முகம், சுருள் முடி. ஐந்து கை முடிந்துவிட்டது.

"வில்லு எந்தக் கைலம்மா இருந்துச்சு?"

எனக்கும் சரியாக நினைவில்லை. அந்த ஒரு கையை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, மயிலுக்குத் தோகை போட ஆரம்பித்தார்.